காட்பாடி வரை இருவர், அப்பால் ஒருவர்: வாசகர் கேள்வி–பதில்

ஒரே பதிவு எண்ணில் மிலான் தோல் கண்காட்சிக்குச் சீட்டு வாங்கிய இரு கூட்டாளிகளில் ஒருவர் துபாயிலேயே தங்கிவிட்டால், தனியே பறப்பவரின் சீட்டு என்ன ஆகும்? (வாசகர், ஆம்பூர்)

தனியே பறப்பவரின் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. தங்கியவரின் சீட்டுக்குத்தான் ஆயுள் முடியும். பிஎன்ஆர் என்பது ஒரு முன்பதிவில் அடங்கிய பயணிகளையும் அவர்கள் ஏற வேண்டிய விமானங்களையும் ஒரே கட்டாகக் கட்டி வைக்கும் ஆறெழுத்துக் குறியீடு. அக்கட்டில் உள்ள ஒருவர் இடையில் ஒரு விமானத்தில் ஏறாவிட்டால், அவருக்குரிய எஞ்சிய பயணங்களை, ஊர் திரும்பும் பயணம் உட்பட, விமான நிறுவனங்கள் பொதுவாக நீக்கிவிடும். பிரிவது முன்பே தெரிந்தால், நிறுவனத்திடம் சொல்லிப் பதிவை இரண்டாகப் பிரித்துத் தங்குபவரின் பயணத்தை மாற்றிக்கொள்வதே வழி. டேனரியில் பங்கு பிரித்தால் பத்திரம் எழுதாமல் விடாத ஊரில், பயணத்தில் பிரிவோர் பதிவைப் பிரிக்க மறப்பது வியப்புக்குரியது.

ஜன்னல் இருக்கை யாருக்கு? (வாசகர், குடியாத்தம்)

கடைசி வரை பறப்பவருக்கு.

இருவர் துணிமணியையும் ஒரே பெட்டியில் அடுக்கினால் எடைக் கட்டணம் மிச்சமாகுமே? (வாசகி, ராணிப்பேட்டை)

கூடாது, இப்பகுதியில் இதற்கு முன் எத்தனை முறை சொல்லப்பட்டிருந்தாலும், இம்முறையும் கூடாது. பொதுப் பெட்டியைப் போலப் பயணத் துணைவர்களைக் கெடுப்பது வேறொன்றில்லை. ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு பெட்டியும் ஒருவர் பெயரில் மட்டுமே பதிவாகிறது. பதிவானவர் விமானம் ஏறவில்லையெனில் அவர் பெட்டியைத் தேடி இறக்குவது சர்வதேச விதி. இவ்விதியை உலகமெங்கும் இறுக்கியது ஒரு கொடுந்துயரம். 1985 ஜூனில் கனடாவின் வான்கூவரில் ஒரு பெட்டி ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பெயர் கொடுத்தவர் ஏறவில்லை. பெட்டி மட்டும் டொரண்டோ போய், அங்கு ஏர் இந்தியா 182, அதாவது 'கனிஷ்கா' விமானத்துக்கு மாறி, ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வானிலேயே வெடிக்க, விமானத்திலிருந்த 329 பேரும் மாண்டனர். பெட்டி தனியே பறக்கக் கூடாது என்னும் விதிக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கையில், எடைக் கட்டணக் கணக்கை அதன் பக்கத்தில் வைப்பது தகாது. சிறிய காரணமும் ஒன்றுண்டு: துணி ஒருவருடையதும் சர்க்கரை மாத்திரை மற்றவருடையதுமாகப் பெட்டி பிரிந்துபோனால், இருவருக்கும் தொல்லை.

தனியே போகிறவர் கையில் வழியனுப்புபவர் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கலாமா? (வாசகர், மேல்விஷாரம்)

ஐரோப்பாவுக்கு எனில், பொட்டலம் பிரியும் இடம் சென்னை விமான நிலைய வாசலாகவே இருக்கட்டும். இறைச்சியும் பாலில் செய்த பண்டமும் பயணியின் பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையத் தடை இருப்பதால், சீரகச் சம்பா அரிசியில் தம் போட்ட ஆம்பூர்ப் பிரியாணி ஒருபுறமும், கோவா சேர்ந்த ஆற்காட்டு மக்கன் பேடா மறுபுறமும் வாசலில் நின்றுவிடும். சமைத்துக்கொள்ளலாம் என்று இலவம்பாடி முள் கத்தரிக்காயைப் பச்சையாகக் கொண்டுபோனாலும், நோயற்றது என்று வேளாண் துறை தரும் தாவரநலச் சான்று கேட்பார்கள். அச்சான்று வேண்டாத கனிகள் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஆகிய ஐந்தே. ஆம்பூர்க்காரரின் சாப்பாட்டு மேசையில் தலைமை தாங்கும் எதுவும் அப்பட்டியலில் இல்லை.

மாதிரிச் சரக்கு ஒருவரிடமும் ஆவணம் மற்றவரிடமும் தங்கிவிட்டால்? (வாசகர், பேரணாம்பட்டு)

சுங்கத்துறையிடம் சிக்கல்தான். ஏடிஏ கார்னே என்பது, விற்பனைக்கல்லாமல் காட்சிக்கு மட்டும் கொண்டுசெல்லும் பொருளை வரி கட்டாமல் ஒரு நாட்டுக்குள் நுழைத்துத் திரும்பக் கொண்டுவர உதவும் ஆவணம். 'தற்காலிக அனுமதி' என்பதற்கான பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்பெயர் அமைந்தது. இந்தியாவில் ஃபிக்கி வழங்கும் இது கூடியபட்சம் ஓராண்டு செல்லும். சரக்கோடு தனியே வரப்போகிறவரின் பெயர் இதில் பிரதிநிதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளியேறும்போது முத்திரை வாங்கத் தவறினால் வரி கேட்டுக் கடிதம் வரும். விற்க இயலாதபடி துளையிட்ட தோல் துண்டுகளுக்கு இத்தனை பாடு வேண்டாம். சிறுமதிப்பு வணிக மாதிரிகளுக்கு 1952-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையே வரிவிலக்குத் தந்தது. மாதிரிக்கு ஒற்றைக்கால் ஷூவை மட்டும் அனுப்பும் வழக்கம் தொழிலில் இருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது: இடக்கால் மிலான் போக, வலக்கால் ஆம்பூரிலேயே அலமாரியில் காத்திருக்கிறது, துணையைப் பிரிந்து பறப்பதில் இவ்வட்டாரத்தில் மிகுந்த அனுபவம் உடையது அந்த இடக்கால் ஷூவே.

கணவரை இழந்த பெண் துணையின்றி ஹஜ் செல்ல முடியுமா? (வாசகி, வாணியம்பாடி)

முடியும். மஹ்ரம், அதாவது மணமுடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய ஆண் உறவினர் அல்லது கணவர், உடன்வர வேண்டும் என்றிருந்த ஏற்பாட்டை இந்திய அரசின் 2018-ஆம் ஆண்டு ஹஜ் கொள்கை தளர்த்தி, 45 வயதைக் கடந்த பெண்கள் குறைந்தது நால்வர் கொண்ட குழுவாகச் செல்ல வழிசெய்தது.

சிகிச்சைக்கு அழைத்து வந்தவரை இழந்து, துணைக்கு வந்தவர் மட்டும் விமானத்தில் திரும்ப நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? (விடுதிப் பணியாளர், வேலூர்)

1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குவோரிடையே வாழும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். விடை தெளிவாக இருப்பது கடமை. மருத்துவமனையின் இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, சவப்பெட்டி முறைப்படி மூடப்பட்ட சான்று, காவல்துறையின் ஆட்சேபமின்மைச் சான்று ஆகியவை வேண்டும். அயல்நாட்டவர் எனில் அவர் நாட்டுத் தூதரகக் கடிதமும் தேவை. உடல் சரக்காகப் பதிவாவதால், உறவினரின் விமானத்திலேயே அது ஏற்றப்படும் என்று கருதிவிடக் கூடாது. அதே விமானத்தில் இடம் தருமாறு கேட்டு உறுதி செய்ய வேண்டும். துணைக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம், இரவெல்லாம் உறங்காதிருக்கலாம். ஆகவே இப்படிவங்களை நிரப்ப ஒருவர் கூடவே நடப்பது பெரும் உதவி. போய்ச் சேரும் ஊரில் உடல் சரக்கு முனையத்தில்தான் ஒப்படைக்கப்படும். பயணிகள் வெளிவரும் வாசல் வேறு. ஊரிலுள்ள உறவினர்க்குத் தொலைபேசியில் சொல்லும்போது இருவரை வரச் சொல்ல வேண்டும்: ஒருவர் சரக்கு முனையத்துக்கு, மற்றவர் பயணிகள் வாசலுக்கு, தனியே வருகிறவரைப் பெயர் சொல்லி அழைக்க அங்கே ஒருவர் நிற்க வேண்டும்.