கணக்குக் கோஷ்டி

கணக்குக் கோஷ்டி என்பது, பள்ளியிலிருந்து வெளியூர்க் கணிதப் போட்டிக்குப் புறப்படும் நான்கு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சேர்ந்த கூட்டம். கபடிக் கோஷ்டிக்கு ஜெர்ஸி உண்டு, கோலாட்டக் கோஷ்டிக்குப் பட்டுப்பாவாடை உண்டு. இவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பேருந்து நிலையத்தில் எல்லோரும் ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் யாரோ, அவர்களே இவர்கள். கடலூர் மாவட்டத்தில் இந்த இனம் நடமாடும் முக்கியத் தடம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 45 கிலோமீட்டர். (1 முதல் 9 வரை கூட்டினாலும் 45தான். இதைக் கோஷ்டியில் ஒருவராவது சொல்லாமல் பேருந்து முதுநகரைத் தாண்டியதில்லை.)

பருவம், டிசம்பர். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசிய கணித நாள். அவருடைய 125ஆம் பிறந்த ஆண்டையொட்டி 2012 தேசிய கணித ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு, அந்தத் தேதியை ஒட்டிக் கல்லூரிகள் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வினாடி வினா, திறனறித் தேர்வு என்று எதையாவது நடத்துவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கடலூரில் டிசம்பர் என்பது புயலின் மாதமும்கூட. 'தானே' கரையேறியது 2011 டிசம்பர் 30. ஆகவே இந்த ஊர்ப் பிள்ளைக்கு நிகழ்தகவு நடத்த நாணயமும் பகடையும் வேண்டாம். கலெக்டர் லீவு விடுவாரா மாட்டாரா என்ற ஒரே கேள்வியில் பாடம் முழுவதும் அடங்கிவிடும். பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை, கல்லூரிகள் வழக்கம்போல் என்று அறிவிப்பு வந்தால், கல்லூரியில் நடக்கும் பள்ளிப் போட்டிக்கு லீவு உண்டா இல்லையா என்பது இன்றுவரை தீராத தேற்றம்.

இனத்தின் பூர்வீகம் சற்றுப் பெரிது. இந்த வட்டாரத்துக்குக் கணக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த முன்னோடிக்குக் கோஷ்டியும் இல்லை, கூட்டிவர ஆசிரியரும் இல்லை. 1910இல் ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூருக்கு வந்தார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயர். திருக்கோவிலூர் அப்போது, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. வந்தவர் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த டெபுடி கலெக்டர், இந்த மூளையைத் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணக்கு நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். திறமைக்காக வேலை மறுக்கப்பட்ட நேர்முகத் தேர்வு என்று மாவட்ட வரலாற்றில் இதைத் தனியாகக் குறிக்கலாம்.

தடத்தின் மறுமுனையிலும் ஓர் ஆள் இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1929ஆம் ஆண்டிலேயே அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்த எஸ். எஸ். பிள்ளை, வேரிங் என்பவர் 1770இல் போட்டுவிட்டுப் போன புதிரை அண்ணாமலை நகரில் உட்கார்ந்து அவிழ்த்தார். புதிர் எளிதில் புரியும். 23ஐக் கன எண்களின் கூட்டலாக எழுதப் பார்த்தால், இரண்டு எட்டும் ஏழு ஒன்றும், ஆக ஒன்பது வேண்டும். அதற்குக் குறைந்து முடியாது. எந்த எண்ணுக்கும் ஒன்பது கன எண்கள் போதும். கனத்துக்குப் பதில் ஆறாம் அடுக்கு என்றால் எத்தனை போதும்? 73 என்று 1940இல் நிறுவினார் பிள்ளை. பத்து வருடம் கழித்து, அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார். கணக்குக்காகப் புறப்பட்ட பயணங்களில் சிரிக்க இடமில்லாதது அது.

இனி, உறுப்பினர்கள்.

முதலாமவர் ஃபர்ஸ்ட் ரேங்க். புக் பேக் கணக்கு அத்தனையும் இவருக்குத் தலைகீழ்ப் பாடம்; பயிற்சி 3.7இல் ஆறாவது கணக்கு எது என்று தூக்கத்தில் கேட்டாலும் விடையோடு எழுந்து உட்காருவார். போட்டித் தாளைக் கண்டதும் இவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் மாநிலம் முழுவதும் ஒன்றுதான்: "சார், இது புக்குலயே இல்லையே!" இரண்டாமவர் வேகக்காரர். ஒன்றாம் வகுப்பிலிருந்து அபாகஸ், விடுமுறையில் வேதக் கணிதம். 97ஐ 96ஆல் பெருக்கி, 9312 என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வி என்ன என்று கேட்பார். விடை சரியாக இருக்கும். கேள்வி பெரும்பாலும் வேறாக இருக்கும். மூன்றாவது ஒரு மாணவி. பக்கத்தின் நான்கு புறமும் ஓரம் விட்டுக் கோடு போட்டு, விடைக்குக் கீழே அடிக்கோல் வைத்து இரட்டைக் கோடு இழுக்கும் கலையில் தேர்ந்தவர். கேள்வியைக் கடைசிச் சொல்வரை படிப்பவர் இவர் ஒருவரே. அந்த ஒரு காரணத்தாலேயே மற்றவர்கள் இவரைக் கண்டு அஞ்சுவார்கள்.

நான்காவது ஆளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் நான்கு கட்டம் இருந்ததால் வந்தவர் அவர். உண்மையில் வரவேண்டியவருக்குக் காய்ச்சல். அல்லது அக்காவுக்குக் கல்யாணம். கிராமத்து விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்களே, அந்தப் பதவி. அவருக்கு யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள். மாதிரித் தாள் ஜெராக்ஸும் மூன்றுதான் எடுத்திருப்பார்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும் என்பது அவருடைய ஒரே கோரிக்கை. அதுவும் நிறைவேறாது, வேகக்காரர் முந்திவிட்டிருப்பார்.

ஆசிரியருடைய சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் இருக்கும். ஊரே மாறினாலும் அது மாறாது. பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள், இவர் தலை எண்ணப் போகிறார். ஏறும்போது ஓர் எண்ணிக்கை, இறங்கும்போது ஓர் எண்ணிக்கை, டீக்கடையில் ஒன்று, காரணமே இல்லாமல் ஒன்று. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் எண்ணிப் பார்த்து, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டதால் ஓர் ஆள் குறைகிறது என்று அழுதார்கள். கணித ஆசிரியர் அப்படி அழுவதில்லை. "நாலா, அஞ்சாடா?" என்று வாய்விட்டுக் கேட்பார். "உங்களையும் சேர்த்தா, சேர்க்காமலா சார்?" என்று நான்கு பேரும் ஒரே குரலில் திருப்பிக் கேட்பார்கள்.

தளவாடங்களில் ஜாமெட்ரி பாக்ஸ் முதலிடம். அதற்குள்ளே காம்பஸ், டிவைடர், பாகைமானி, முருகன் படம், பத்து ரூபாய். செட் ஸ்கொயர் இரண்டும் வாங்கிய நாளிலிருந்து பளபளப்புக் குறையாமல் இருக்கும். தேர்வு அட்டை, ஹால் டிக்கெட், பெற்றோர் இசைவுக் கடிதம், அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம். இவற்றோடு ஹெச்.எம். கையெழுத்திட்ட ஓ.டி. கடிதம். அன்று வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப் பதிவில் வந்ததாகக் கொள்ளப்படும் என்பதற்கான அத்தாட்சி அது.

கடலூரில் இந்த ஓ.டி.யால் ஒரு தனிச் சங்கடம் உண்டு. முதுநகர் எனப்படும் ஓல்டு டவுனையும் ஊர்வாசிகள் ஓ.டி. என்றுதான் சொல்வார்கள். திருப்பாதிரிப்புலியூரில் உள்ள பேருந்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும். கண்டக்டர் சீருடைகளைப் பார்ப்பார்.

"என்ன தம்பி, ஓ.டி.யா?"

"ஆமாங்க. நாங்க நாலு பேரும் ஓ.டி., சாரும் ஓ.டி."

ஐந்து டிக்கெட் ஓல்டு டவுனுக்கு வந்துவிடும். முதுநகர் நிறுத்தத்தில் "ஓ.டி. எல்லாம் இறங்கு" என்று விசில் ஊதும்போதுதான் விஷயம் வெளிப்படும். அங்கிருந்து சிதம்பரத்துக்கு மறுபடி டிக்கெட் வாங்குவார் ஆசிரியர். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து நேர் டிக்கெட்டைவிட எவ்வளவு கூடுதல் என்பதை வேகக்காரர், யாரும் கேட்காமலேயே, பேருந்து முழுவதும் கேட்கும்படி அறிவிப்பார்.

சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருக்க, உள்ளே டிக்கெட்டின் முதுகில் ஒரு விளையாட்டு நடக்கும். தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்தது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழித்து, வந்த விடையை மறுபடி அப்படியே செய்துகொண்டு போனால், ஏழு படிக்குள் 6174 வந்து நின்றுவிடும். 2014 ஏழு படியையும் முழுதாக வாங்கிக்கொள்ளும். பி.முட்லூரில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி டிக்கெட்டைக் கேட்டால், கழித்தல் கணக்கு நிறைந்த காகிதம் ஒன்றை நீட்டுவார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நல்ல மனிதராக இருந்தால் ஒரு கழித்தலைத் திருத்திக் கொடுத்துவிட்டு இறங்குவார்.

நம்பர் பிளேட் ஆராய்ச்சி தனித்துறை. லண்டனில் கணித அறிஞர் ஹார்டி ஏறிவந்த டாக்ஸியின் எண் 1729 என்று கேட்டதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வழியில் எழுதக்கூடிய எண்களில் அதுவே சிறியது என்று ராமானுஜன் சொன்ன கதையைக் கேள்விப்பட்ட நாள் முதல், கோஷ்டிக்காரர்கள் ஒவ்வொரு வண்டியையும் நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். கடலூர் வண்டிகளின் டி.என். 31 ஒரு பகா எண். விழுப்புரத்தின் 32, இரண்டின் ஐந்தாம் அடுக்கு. இதோடு திருப்தியடைந்து, வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் ஆராய்ச்சியை மூடிவைத்துவிட்டு எலுமிச்சை சாதத்தைத் திறப்பார்கள். இந்த அவசரத்துக்கு விலை பிறகு உண்டு.

போட்டி நடக்கும் இடத்தில் குத்துவிளக்கு, வரவேற்புரை, கணிதம் எங்கும் நிறைந்திருக்கிறது என்ற சிறப்புரை. சிறப்புரை குறித்த நேரத்தில் முடிவதில்லை. நேரமும் கணிதம்தான் என்பதைப் பேசுகிறவர் மறந்துவிடுவார். பிறகு தாள் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்வழிப் பிள்ளைக்கு முற்றொருமை தெரியும், மீ.பொ.வ. தெரியும், அவற்றின் ஆங்கில வேஷம்தான் தெரியாது. "மேடம், பிரைம்னா பகா எண்ணா, ஒத்தைப்படை எண்ணா?" என்று கேட்டால், கண்காணிப்பாளர் அதைச் சொல்லக் கூடாது என்பார். விதி அப்படி. அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் ஒருவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தேர்வு முடிந்ததும் ஆசிரியர் நடராஜர் கோயிலுக்கு அழைத்துப்போவார். போட்டிக்கு வந்ததாகத் தலைமையாசிரியரிடமும், கோயிலுக்கு வந்ததாக வீட்டிலும் சொல்லிக்கொள்ளலாம். சிற்சபையின் பொற்கூரையில் ஓடுகள் 21,600, மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை. ஆணிகள் 72,000, உடம்பின் நாடிகள். மரபு சொல்வதை ஆசிரியர் பக்தியோடு சொல்லி முடிப்பதற்குள் வேகக்காரர், நாளுக்கு 1,440 நிமிடம், ஆகவே நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு, சரிதான் சார் என்று ஒப்புதல் வழங்கிவிடுவார். சிக்கலைக் கிளப்புவது அந்த மாணவி. 72,000ஐ 21,600ஆல் வகுத்தால் ஓர் ஓட்டுக்கு மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு ஆணியை எப்படி சார் அடித்திருப்பார்கள்? ஆசிரியர் கூரையைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்ப்பார். "மூணு ஓட்டுக்குப் பத்து ஆணிம்மா. நட, வெளிய செருப்பு கிடக்குது."

உண்மையான போட்டி திரும்பும் வழியில்தான் நடக்கிறது. தேர்வறையில் பேசக் கூடாது என்பதால் இரண்டு மணி நேரம் அடக்கிவைத்தது அத்தனையும் வெளியே வரும். எந்தக் கேள்விக்கு என்ன விடை என்று ஒப்பிடும்போது, தப்பு செய்தவர் குரல்தான் உயரும். 90க்கும் 100க்கும் இடையே பகா எண்கள் எத்தனை என்ற கேள்வியில் வழக்கமாக வண்டி ஏறும் முன்பே சண்டை மூளும். ஃபர்ஸ்ட் ரேங்க், இரண்டு என்பார்: 91, 97. வேகக்காரரும் இரண்டு; அவர் கேள்வியைப் பாதி படிக்கும்போதே எழுதிவிட்டார். மாணவியும் இந்த ஒரு தடவை இரண்டுதான். 91க்குக் கீழே இரட்டைக் கோடும் போட்டிருக்கிறார்.

"ஒண்ணுதான்," என்பார் ஒப்புக்குச் சப்பாணி. அன்று முழுவதும் அவர் தனியாகப் பேசிய முதல் சொல் அது.

அவர் கைகாட்டும் திசையில் பேருந்து நிலைய வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். சிதம்பரத்தில் பதிவாகும் வண்டிகளின் எண் டி.என். 91. "காலைல இறங்கினதுமே பாத்தேன் சார். நீங்க எண்ணிட்டு இருந்தீங்க. சும்மா நிக்கறோமேன்னு வகுத்துப் பாத்தேன். ஏழுல போவுது. ஏழு பதிமூணு."

மூவரும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருப்பார்கள். பிறகு, அந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண், தப்புக்குக் கழிப்பார்களா, கழித்தால் கால் மதிப்பெண்ணா மூன்றில் ஒன்றா என்று வேறொரு சண்டை தொடங்கி, புதுச்சத்திரம்வரை தாக்குப்பிடிக்கும். நான்காவது ஆளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருக்கும். "ஓ.டி.யா?" என்று கண்டக்டர் கேட்டால் ஐந்து பேரும் "பஸ் ஸ்டாண்டு" என்று கத்துவார்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது இருட்டியிருக்கும். பெற்றோர் டூவீலரில் காத்திருப்பார்கள். எப்படி எழுதினாய் என்ற கேள்விக்கு நான்கு பேரும் "ஈஸிதாம்பா" என்பார்கள். ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் ஆசிரியர் ஒன்று கழித்துக்கொண்டே வருவார்: மூன்று, இரண்டு, ஒன்று. கடைசி வண்டியும் போன பிறகு, பழக்கதோஷத்தில் விரலை நீட்டி இன்னொரு முறை எண்ணுவார். ஒன்று என்றே வரும். அன்றைக்கு அவர் தம்மையும் சேர்த்து எண்ணியது அப்போதுதான்.