வீட்டுக்கு ஓர் ஆபரேட்டர்

சினிமா கொட்டகையில் படம் ஒழுங்காக ஓடும்வரை ஆபரேட்டர் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஃபிலிம் அறுந்து திரை வெள்ளையானதும்தான் அத்தனை தலைகளும் பின்பக்கம் திரும்பும். அவருடைய பிறப்பு வளர்ப்பு பற்றிய ஐயங்கள் தரை டிக்கெட்டிலிருந்து உரக்க எழும். கார்பன் குச்சியைச் சரிசெய்துகொண்டு, ரீல் மாற்றிக்கொண்டு, கொதிக்கும் அறைக்குள் நின்ற அந்த மனிதருக்கு அரசாங்க உரிமம் இருந்தது, சம்பளம் இருந்தது, உள்ளே தாழ்போட்டுக்கொள்ள ஒரு கதவும் இருந்தது. வீட்டில் ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு இந்த மூன்றும் கிடையாது.

நான் அப்படி ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்ததும் என் மனைவி கேட்டாள்: “ஏங்க, டிவியிலேயே எல்லாம் வருதே. அதுக்குப் பக்கத்துல இன்னொரு டப்பா எதுக்கு?”

நியாயமான கேள்வி. அதனால் பதிலை நீட்டினேன். ஓடிடியில் இன்றைக்கு இருக்கிற படம் உரிமம் முடிந்தால் நாளைக்கு இருக்காது என்றேன். நம் அலமாரியைப் பார், 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று மோசர் பேயர் நிறுவனம் விற்ற காலத்தில் வாங்கிக் குவித்தவை அப்படியே கிடக்கின்றன, அவற்றைப் போட்டுப் பார்க்க ஒரு பிளேயர்கூட வீட்டில் உயிரோடு இல்லை என்றேன். நம் கல்யாண வீடியோ, பாப்பாவின் காதுகுத்து எல்லாம் தட்டிலேயே கீறல் விழுந்து அழியப்போகின்றன என்றேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், விளம்பரமே இல்லாமல் பார்க்கலாம். ஆவேசத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட்டையும் இழுத்தேன். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பவில்லையா?

“அவர் காசு வாங்கிக்கிட்டுக் காட்டினாரு” என்றாள். அத்துடன் விவாதம் முடிந்தது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

கம்ப்யூட்டர் சாமான் வாங்க டில்லிக்கு நேரு பிளேஸ் என்றால் சென்னைக்கு ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே “சார், என்ன பாக்குறீங்க? லேப்டாப்பா, சிசிடிவியா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒதுங்கி நின்று யோசிக்க இடம் கிடையாது. நின்றால் மீன்பாடி வண்டி முதுகில் முட்டும். நான் கேட்ட சாமான்களைக் கடைக்காரர் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு நிமிர்ந்தார். “இதுல கேம் ஓடாது சார்.” படம் பார்க்கத்தான் என்றேன். “அதுக்குத்தான் சார் டிவி இருக்கே” என்றார். என் மனைவியிடம் அவர் முன்கூட்டியே பேசியிருக்க வழியில்லை.

வாங்கியது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மினி ஐடிஎக்ஸ் என்ற வகை போர்டு, நீளமும் அகலமும் 170 மில்லிமீட்டர்தான். அதிலேயே பதித்துவரும் இன்டெல் என்100 பிராசஸர். எட்டு ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, படங்களுக்கென்று ஒரு பெரிய ஹார்டு டிஸ்க், கேபினெட், எஸ்எம்பிஎஸ். அந்தப் பிராசஸருக்குக் குறிக்கப்பட்ட மின் அளவு 6 வாட். ராத்திரி பாத்ரூமில் எரிகிற ஜீரோ வாட் குண்டு பல்பு இதைவிட அதிகம் இழுக்கும் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “அப்ப அந்த பல்பை முதல்ல மாத்து” என்றார். மனைவியின் தம்பி வந்து பார்த்துவிட்டு, “என்ன மாமா, கிராபிக்ஸ் கார்டு இல்ல, ஒரு கலர் லைட்கூட எரியல” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனான். இதில் விசிறியும் கிடையாது. சூட்டை வாங்கி வெளியே விட, அலுமினியத் தகடுகளும் கேபினெட்டின் துளைகளும் மட்டும்தான். படத்தில் நிசப்தமான காட்சி வந்தால் அறையும் நிசப்தமாக இருக்க வேண்டும் என்பது என் கனவு.

அம்மா அதற்குப் பூஜை போட்டார். எந்த இடத்தில் காற்று வெளியேற வேண்டுமோ மிகச்சரியாக அந்த இடத்தில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். மறுநாள் பார்த்தால் பெட்டியின் மேல் பூவேலை செய்த துணி உறை ஒன்றும் ஏறியிருந்தது. காற்றோட்டம் வேண்டும் என்று நான் விளக்க, “தூசி போனா மட்டும் நல்லாருக்குமா?” என்றார். நான் எடுப்பேன், அவர் போடுவார். பெட்டி சூடாகும்போதெல்லாம் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாங்கள் இருவர்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

மென்பொருள் விஷயத்தில் நான் உறுதியாக இருந்தேன். படம் உச்சத்தில் இருக்கும்போது ‘புதுப்பித்துக்கொள்கிறேன், அணைக்காதீர்கள்’ என்று சொல்கிற எதுவும் இந்தப் பெட்டிக்குள் வரக்கூடாது. ஆகவே லிப்ரெலெக். லினக்ஸ் அடிப்படையிலானது, பொத்தானை அழுத்தினால் நேராக ‘கோடி’ என்ற மென்பொருளில் போய் நிற்கும். பெயர்தான் கோடி, விலை இலவசம். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. கோப்பின் பெயரைப் பார்த்து அதுவே இணையத்தில் தேடி, போஸ்டர், கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல் எல்லாவற்றையும் கொண்டுவந்து அழகாக அடுக்கிவிடும்.

அதன் தேடலில் நம் தயாரிப்பாளர்கள் வைத்த கண்ணிவெடிகள் இருந்தன. ‘பில்லா’ 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு. அப்பா ரஜினியைப் பார்க்க உட்கார்ந்தால் போஸ்டரில் கறுப்புக் கண்ணாடியோடு அஜித் நிற்பார். ‘படிக்காதவன்’ 1985இல் ரஜினி, 2009இல் தனுஷ். ‘மாப்பிள்ளை’ 1989இல் ரஜினி, 2011இல் மறுபடியும் தனுஷ். மாமனார் நடித்த படத்துக்கெல்லாம் அன்றைய மருமகன் போஸ்டரில் நின்றால் அப்பா எதை நம்புவார்? “ஏண்டா, இது யார் படம்?” என்று ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டார். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதிவிட்டால் குழப்பம் தீரும். எழுதினேன். அலமாரி முழுவதற்கும் எழுதினேன். சினிமா நூலகர் வேலைக்கு மனுப் போடும் தகுதி எனக்கு இப்போது உண்டு.

அடுத்து வந்தது கறுப்புப் பட்டைப் பிரச்சினை. டிவியின் திரை 16க்கு 9. சினிமாஸ்கோப் படமோ அதைவிட அகலம், உயரத்தைப் போல 2.35 மடங்கு. படத்தை வெட்டாமல் இழுக்காமல் காட்டினால் மேலும் கீழும் கறுப்பு விழும். கூட்டிப் பார்த்தால் திரையில் கிட்டத்தட்ட கால்வாசி. “43 இஞ்சுக்குக் காசு கொடுத்தோம். கால்வாசியைக் காணோமே?” என்றார் அப்பா. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழ’னை 1973இல் திரையரங்கில் பார்த்தவர் அவர். “அன்னிக்குத் திரையை அகலமாக்கினான். நீ படத்தை ஒல்லியாக்குற.” இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது உண்மை. நான் கூடத்தில் இல்லாத நேரங்களில் அவர் டிவி ரிமோட்டால் படத்தை இழுத்துத் திரையை நிரப்பிவிடுவார். எங்கள் வீட்டில் எல்லாக் கதாநாயகிகளும் ஓங்குதாங்காக, நெட்டையாகத் திரிவார்கள். அப்பாவுக்கு அது குறையாகத் தோன்றவே இல்லை.

பெட்டியில் ஏற்றிய விசிடிப் படத்தைப் போட்டபோது மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். விசிடியின் ஒரு பிம்பத்தில் 352க்கு 288 புள்ளிகள். எங்கள் 4கே திரையிலோ 3840க்கு 2160. அதாவது, திரை முழுவதையும் நிரப்ப, விசிடி தந்த ஒற்றைப் புள்ளியைத் திரையில் 82 புள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விளைவு, நம்பியாரையும் நாகேஷையும் குரலை வைத்துத்தான் பிரித்தறிய முடிந்தது. “அப்பா, இது பேயா, ஹீரோயினா?” என்றாள் மகள். சந்தேகம் நியாயமானதுதான்.

அந்தக் குரலும் பெரிய பாடுதான். திரையரங்குக்கு 5.1 முறையில் ஒலி சேர்க்கும்போது வசனத்தில் பெரும்பகுதியை நடு ஸ்பீக்கருக்குத் தருவார்கள். டிவியில் நடு ஸ்பீக்கர் இல்லை, இருப்பது இரண்டு. ஆறு பாதைகளை இரண்டில் திணிக்கும்போது வசனம் அமுங்கிவிடும், சண்டையும் சங்கீதமும் ஏறிவிடும். அம்மா பேச்சு கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டுவார். கூட்டிய அடுத்த நொடி வில்லனின் ஜீப் வெடிக்கும். மேல் வீட்டு மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார். நடுப்பாதையை மட்டும் உயர்த்திவைக்கும் அமைப்பு மென்பொருளுக்குள் இருக்கிறது; கண்டுபிடித்து உயர்த்தினேன். இப்போது வசனம் தெளிவாகக் கேட்கிறது. “இந்தப் படத்துல இவ்வளவு மோசமாவா பேசினாங்க?” என்று அம்மா வருத்தப்படுகிறார்.

இவை எல்லாவற்றையும் வென்றுவிடலாம். ரிமோட்டை வெல்ல முடியாது. எச்டிஎம்ஐ கம்பிக்குள் சிஇசி என்று ஓர் ஏற்பாடு உண்டு. அது இருந்தால் டிவி ரிமோட்டே பெட்டியையும் ஆட்டிவைக்கும். ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டரில் அது உண்டு. பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் எச்டிஎம்ஐயில் அது இல்லை. எனவே டிவிக்கு ஒன்று, டிடிஎச் பெட்டிக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று மூன்று ரிமோட்கள். மூன்றாவது, காற்றில் அசைத்தால் திரையில் அம்புக்குறி நகரும் வகை. அம்மா அதை இரு கையாலும் பிடித்து, டிவிக்கு ஆரத்தி எடுப்பதுபோல் வட்டமாகச் சுற்றுவார். அம்புக்குறியும் பக்தியோடு வலம் வரும். படம்தான் திறக்காது.

அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கும்போது போன் வரும். “கண்ணா, ‘நோ சிக்னல்’னு வருது.” “சோர்ஸ் பட்டனை அமுக்கும்மா.” “எந்த ரிமோட்ல?” “கறுப்பு ரிமோட்ல.” மூன்றும் கறுப்பு. கூட்டத்தில் இருந்தவர்கள் என் குரலை வைத்து ஏதோ ஆஸ்பத்திரி விஷயம் என்று நினைத்து வழிவிட்டார்கள். குளிக்கும்போது கதவு தட்டப்படும்: “ஏங்க, நின்னுபோச்சு.” சாப்பிடும்போது அப்பா: “ஏண்டா, கறுப்பா இருக்கு.” அது வினாடிக்கு 24 பிம்பம் ஓடும் படத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தைப் பெட்டி மாற்றிக்கொள்ளும் தருணம், இரண்டே நொடி இருட்டு. அசைவு சீராக இருக்க வேண்டும் என்று ராத்திரி விழித்து நான் செய்த ஏற்பாடு. அந்தச் சீரை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை, இருட்டை எல்லோரும் பார்த்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்து ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அருகில் போனால் சோப்பு விளம்பரம் ஓடுகிறது. படம் வந்தது சேனலில்! அதே படம், விளம்பரமே இல்லாமல், ஆண்டு குறிக்கப்பட்டு, ஓரடி தள்ளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. “அதான் நம்மகிட்டயே இருக்கே!” என்றேன். “இருக்கட்டும். இப்ப இதுல போட்டுட்டான்ல” என்றார் அம்மா.

யோசித்துப் பார்த்தால் அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் பெட்டியில் படம் பார்ப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவர் படம் முடியும்வரை அதற்கு ஜவாப்தாரி. அப்பா தேர்ந்தால் மகள் எழுந்து போவாள்; மகள் தேர்ந்தால் அப்பா கொட்டாவி விடுவார்; என் மனைவி யார் பக்கம் என்பதும் வெளிப்பட்டுவிடும். சேனல்காரன் போட்டால் பழி அவனுக்கு. குடும்பம் ஒற்றுமையாகத் திட்டிக்கொண்டே கடைசிவரை பார்க்கும். எங்கள் வீட்டுக்கு வேண்டியது படங்கள் அல்ல, முகம் தெரியாத ஓர் ஆபரேட்டர்.

கோடியில் அதற்கும் வழி உண்டு. ஹார்டு டிஸ்க்கில் இருப்பவற்றைக் கலைத்துப் போட்டு, டிவி சேனல்போல இடைவிடாமல் ஓட்டுகிற துணை நிரல்கள் இருக்கின்றன. ஒன்றைப் பொருத்தினேன். தேர்வு கிடையாது, பட்டியல் கிடையாது. பெட்டியை உயிர்ப்பித்தால் ஏதோ ஒரு படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். பாதியிலிருந்து பார்ப்பதில் எங்கள் வீட்டாருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. முன்கதையை அப்பா சொல்லிவிடுவார். பெட்டியின் மவுசு ஏறியது. பிறகு அம்மாவிடமிருந்து புகார் வந்தது. “விளம்பரமே போட மாட்டேங்கிறானே. நான் எப்ப எந்திரிச்சுப் போய்க் குக்கரை இறக்குறது?” நிறுத்திவைக்கலாமே என்றேன். “நாம நிறுத்தினா அவன் நிறுத்துவானா?” என்றார்.

ஆகவே, இரண்டு மூன்று தட்டுகளாக வந்த விசிடிப் படங்களையெல்லாம் பாடுபட்டு ஒன்றாக ஒட்டியிருந்த நான், மறுபடி உட்கார்ந்து வெட்டினேன். விளம்பரத்தை ஒழிக்க வாங்கிய கம்ப்யூட்டரில், அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட இடைவெளி. அதில் ஓட்ட விளம்பரத்துக்கு எங்கே போவது? எங்கள் கல்யாண வீடியோவை நறுக்கிச் செருகினேன். இதயத்துக்குள் என் மனைவியின் முகம் சுழல்வது, பந்தியில் காமிரா விளக்கைப் பார்த்துக் கண் கூசும் பெரியப்பா, மொய் எழுதும் இடத்தில் நடந்த சச்சரவு, எல்லாம் அதில் உண்டு.

போன ஞாயிறு அது ஓடத் தொடங்கியதும் குக்கரை இறக்க யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தை என்ன புடவை, சித்தப்பா யாரோடு பேசவில்லை, அந்தச் சின்னப் பையன் இப்போது எந்த ஊரில் வேலை என்று கூடமே கலகலத்தது. ஐந்து நிமிடம் கழிந்து சிவாஜி திரும்பி வந்ததும் அம்மா சலித்துக்கொண்டார்: “சே, அதுக்குள்ள படத்தைப் போட்டுட்டான்.”