சதுரத்துக்கு ஒரு சிம்பொனி

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காக வீடியோ கேம் செய்யும் நண்பர் இப்போது இசை தேடுகிறார். கதாநாயகன் இன்னும் வெறும் சிவப்புச் சதுரம்தான். குதிக்கச் சொன்னால் தரைக்குள் போய்விடுகிறான். ஆனால் கடைசி வில்லன் வரும்போது எண்பது வயலின் முழங்க வேண்டுமாம்.

இலவச இசைக்குப் பஞ்சமில்லை. பிடித்த மெட்டின் உரிமத்தில் மட்டும் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்றிருக்கும். நாளைக்கு கேம் கோடிகளில் விற்றால்? கவலை நியாயம்தான். வேறொன்றை எம்பி3-ஆகச் சுழலவிட்டார்; சுற்றுக்கொரு விக்கல். அந்த வடிவம் பாட்டின் முன்னும் பின்னும் துளி மௌனத்தை ஒட்டிவிடும், ஓஜிஜி-யில் அந்தத் தொல்லை இல்லை என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம். அதற்குள் முப்பது வினாடி மெட்டு அவர் வீட்டுக் குக்கருக்கே மனப்பாடம்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் இசை என்று இருந்தது, இறங்கிவரும் நாலே சுரம். எதிரிகள் குறையக் குறைய அதுவே வேகமெடுத்து உள்ளங்கையை வியர்க்க வைத்தது. இதைச் சொன்னேன்.

"ஆமாங்க, சிம்பிளாத்தான் இருக்கணும்" என்று தலையாட்டிவிட்டு, நாகஸ்வர ஒலித்துண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சதுரம் தரைக்குள்தான் இருக்கிறது.