வடகாடு வரைக்கும் கேக்குமா?

ஆலங்குடியில் ஒரு வீட்டுக்குப் புது ஆம்ப்ளிஃபையர் வந்தால், பார்க்க வருகிறவர்களிடம் இரண்டே கேள்விகள்தான். ‘எத்தனை வாட்ஸ்?’ ‘வடகாடு வரைக்கும் கேக்குமா?’ பாட்டு எப்படிக் கேட்கிறது என்று விசாரிப்பவர் இன்னும் ஊருக்குள் பஸ் இறங்கவில்லை.

பக்கத்து ஊரான வடகாட்டை இழுக்கும் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. சுற்றுவட்டாரக் காதுகள் அத்தனையும் மைக்செட்டில் பழகியவை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசி மகத்துக்கு 33 அடி உயரக் குதிரைக்குக் காகித மாலை சாத்துவார்கள். குதிரையே அந்த உயரம் என்றால் சத்தம் மட்டும் சன்னமாக இருக்க முடியுமா? மைக்செட்காரரின் கெட்டிக்காரத்தனம் எத்தனை ஊர் தாண்டிக் கேட்டது என்பதை வைத்தே பேசப்படும். அந்த அளவுகோலைப் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்குள் கொண்டுவரும்போதுதான் வினை தொடங்குகிறது.

மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட் வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 107 டெசிபல் தரும். வீட்டு ஸ்பீக்கர் பெட்டி 87 தந்தால் நல்ல பெட்டி. நடுவில் இருக்கும் 20 டெசிபல் பார்வைக்குச் சிறிசு. மின்திறனில் அது நூறு மடங்கு. 30 வாட்ஸ் குழாய் செய்கிற காரியத்தை ஹால் பெட்டி செய்ய 3,000 வாட்ஸ் ஊற்ற வேண்டும். ஊற்றினால் வடகாட்டுக்குச் சத்தம் போகாது, புகை போகும். 50 வாட்ஸ் ஆம்ப்பை விற்றுவிட்டு 100 வாங்குகிறவருக்கும் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடின மாதிரி’. பர்சுக்கு அப்படித் தெரியாது.

வாட்ஸ் கேட்கிறவர்களுக்கு வாட்ஸ் கொடுக்கக் கடைகளும் சளைத்ததில்லை. அசெம்பிள் செட்டுகளின் குலதெய்வமான 4440 ஐசியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் சான்யோ நிறுவனம் செய்தது. காருக்குள் பாடப் பழகியது. நிறுவனத்தின் தாளில் உள்ள கணக்கு, பக்கத்துக்கு 6 வாட்ஸ். இரண்டையும் பிரிட்ஜ் கட்டினால் 19. அதே ஐசி தகரப் பெட்டிக்குள் ஏறி, முன்னால் நீல எல்இடி மினுங்கத் தொடங்கியதும் நூறு வாட்ஸ் ஆகிவிடும். ‘பிஎம்பிஓ’ என்ற நான்கு எழுத்தைச் சேர்த்தால் ஆயிரம். கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 24. மீதி 976 வாட்ஸை ஸ்டிக்கர்தான் உற்பத்தி செய்கிறது.

வாட்ஸ் மோகம் வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டில் ஒரு நல்ல யோசனை உலவிக்கொண்டிருந்தது: பானை ஸ்பீக்கர். சைக்கிள் கடை, டீக்கடை, சலூன் என்று எங்கும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரை வைத்து மூலையில் நிறுத்தியிருப்பார்கள். நகரத்துக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. மொட்டையாகத் தொங்கவிட்டால் முன் அலையும் பின் அலையும் சந்தித்து பாஸ் என்ற தாழ்ந்த ஓசையை அழித்துவிடும். பின்பக்கத்தை அடைத்தால் பாஸ் பிழைக்கும். 1925-இல் ரைஸும் கெல்லாக்கும் இன்றைய ஸ்பீக்கரின் மூதாதையைச் செய்த நாளிலிருந்து பெட்டி செய்கிறவர்களின் முதல் பாடம் இதுதான். 1951-இல் ஆர்சிஏவின் ஹாரி ஓல்சன் வெவ்வேறு வடிவங்களில் ஸ்பீக்கரைப் பொருத்தி அளந்த முடிவுகளை வெளியிட்டார். மிகச் சீராகப் பாடியது உருண்டை. சலூன்காரர் ஓல்சனைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் பானை உருண்டை.

குறை ஒன்று உண்டு. மானாமதுரைப் பானை கடமாகப் பிறந்தால் முழங்குவது அதன் வேலை. ஸ்பீக்கரைச் சுமக்கும்போது முழங்கினால், டி.எம்.எஸ். பாடினாலும் எஸ். ஜானகி பாடினாலும் ஒரு சுருதி பானையுடையதாக இருக்கும். உள்ளே கொஞ்சம் தேங்காய் நார் திணித்தால் அடங்கும். ஆலங்குடிப் பக்கம் அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்தப் பக்கம் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த பலாவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்தால் என்ன என்று யாருக்கும் ஆசை வரலாம், மரம் அவ்வளவு அழகு. ஆனால் வீணைக்குப் பலாமரம் வைப்பது அது சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காக. பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. அதோடு பலகை வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு உப்பும். இடுக்கு விட்டால் காற்று ஒழுகும். கனத்த பிளைவுட் போதும். பலாவில் கதவு செய்துகொள்ளலாம்.

புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில்தான் இந்த வட்டாரத்து ஆம்ப்ளிஃபையர்களில் ஹம் சுத்தமாக நின்றிருந்தது. மற்ற நாட்களில் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஹம் வந்ததும் வீட்டில் எடுக்கப்படும் முதல் முடிவு, ‘ஐசி போயிருச்சு மாப்ளே’. ஐசிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. செட்டாப் பாக்ஸ் வழியாக ஆம்ப்புக்கு வரும் கேபிள் டிவி வயர் தெருவில் எங்கோ ஓரிடத்தில் எர்த்தைத் தொட்டிருக்கும், வீடு வேறோரிடத்தில் தொட்டிருக்கும்; இரண்டுக்கும் உள்ள பங்காளிச் சண்டை ஆம்ப்ளிஃபையருக்குள் 50 ஹெர்ட்ஸில் நடக்கும். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றினால் ஹம் நிற்கிறதா என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். அந்த வழியில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. ஊரில் வழங்கும் வைத்தியமோ பிளக்கின் பெரிய பின்னை ஒடிப்பது. ஹம் போய்விடும், ஒருநாள் ஆளும் போகலாம். பிளக்கே இல்லாமல் வயரைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி சொருகுகிறவர்களிடம் பின்னைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எல்லா வயரையும் உருவிய பிறகும் உறுமினால், உள்ளே தலை உப்பிய ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். சுவிட்சை அணைத்த பிறகும் அது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். உடனே விரல் வைக்கிறவருக்கு அது ஞாபகப்படுத்தும்.

ஒரு பக்கம் பாடவில்லை என்றால் ஆம்ப்பின் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். அதே பெட்டி ஊமையாக இருந்தால் கோளாறு பெட்டியில், அல்லது வயரில். ஊமை அடுத்த பெட்டிக்கு மாறினால் ஆம்ப்பில், அல்லது அதற்கு முன்னால். இந்தச் சோதனைக்குச் செலவு கிடையாது. அதனாலேயே இதை யாரும் செய்வதில்லை.

ஸ்டீரியோ என்று வந்துவிட்டால் கதை வேறு. 1931-இல் லண்டனில் ஆலன் பிளம்லைன் காப்புரிமை கேட்டு எழுதிக்கொடுத்த யோசனை அது; தமிழில் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படமாக 1978-இன் ‘பிரியா’வைச் சொல்வார்கள். பிளம்லைன் எதிர்பாராதது, பாகப்பிரிவினை. ஹாலில் ஒரு பெட்டி, அடுக்களை வாசலில் ஒரு பெட்டி என்று நியாயமாகப் பிரித்து வைத்தால், ஒரு பெட்டிக்குப் போன கிட்டார் ஹாலுக்கும் மறு பெட்டிக்குப் போன வயலின் ரசத்துக்கும் போய்ச்சேரும். சண்டை வராமல் இரண்டையும் ஒரே ஹாலில் வைத்தவர்கள் வீட்டில் சிவப்பு கறுப்பு வயர் ஒரு பெட்டியில் மட்டும் மாறியிருக்கும். ஒன்று தள்ள மற்றது இழுக்கும்; பாஸ் காணாமல் போகும்; பாடகர் சுவருக்குள் நின்று பாடுவார். ஒரு சின்ன 1.5 வோல்ட் செல்லை ஸ்பீக்கர் வயரில் லேசாகத் தொட்டு எடுத்தால், பிளஸ் சிவப்பில் பட்டபோது கூம்பு வெளியே துள்ள வேண்டும். பெரிய வூஃபரில் அது கண்ணுக்கே தெரியும்.

இத்தனையும் சரியானதும் கடைசிச் சிக்கல் எஞ்சும். இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் முக்கோணமாக அமைந்தால்தான் பாடகர் நடுவில் வந்து நிற்பார். அதாவது வீட்டில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் ஸ்டீரியோ. அப்படிப்பட்ட நாற்காலி ஆலங்குடி வீட்டில் யாருக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாமனார் வந்து உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மாப்ள, அந்தப் பாட்டை நிப்பாட்டிட்டு நியூஸ் வைங்க” என்பார்.