கைமுறுக்கு ஜாயிண்ட்

மச்சினனின் பிக்கப் வண்டி எங்கள் காலனிக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். மரியாதைக்கு அல்ல. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தால் கண் போய்விடும்.

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அவனுக்கு முறுக்குப் பட்டறை. கைமுறுக்கு, தட்டை, சீடை. மத்தியானம் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மாட்டுங்காவில் கொஞ்சம் இறக்கி, செம்பூர் செட்டா நகரில் கொஞ்சம் இறக்கி, ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயைப் பிடித்து முலுண்ட் செக்நாக்கா தாண்டி தாணே வந்து சேர இருட்டிவிடும். கோட்பந்தர் ரோட்டில் இரண்டு கடைக்குப் போட்டுவிட்டு எங்கள் வீட்டில் அக்கா கையால் சாப்பாடு. அதுவரை எல்லாம் சரி. சாப்பிட்டு முடித்ததும், "அத்தான், வண்டியில ஒரு சின்ன வேலை இருக்கு" என்பான். அங்கேதான் ஆரம்பம்.

கம்பெனிக்காரன் கொடுத்தபோது அந்த வண்டியில் இரண்டு ஹெட்லைட், ஒரு ஹாரன், ஒரு வைப்பர், அவ்வளவுதான். அது வண்டி. மீதியெல்லாம் நாங்கள் சேர்த்த சொத்து. டேஷ்போர்டில் பிள்ளையார், பிள்ளையாரைச் சுற்றி ஓடுகிற சீரியல் பல்பு. டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு குட்டி மின்விசிறி. பாட்டுக்கு ஆம்ப்ளிஃபையர். செல்போன் சார்ஜர் மூன்று, செல்போன் என்னவோ ஒன்றுதான். ரிவர்ஸ் எடுத்தால் சின்னக் குழந்தையின் பிறந்தநாள் ராகத்தில் ஒரு சங்கீதம். பல ஸ்வரத்தில் பாடும் ஹாரன் கூடாதென்று 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அது முன்னாடி அடிக்கிற ஹாரனுக்கு அத்தான், இது பின்னாடி" என்றான். மகாராஷ்டிராவில் 2015இல் லாரிப் பின்புறத்து 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' வாசகத்துக்குத் தடை வந்தபோது முதல் ஆளாக அழித்தவனும் இவன்தான். சட்டத்தை மதிப்பவன். அழித்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே ஒரு சிவப்பு விளக்கு வைத்தான்.

கடைசியாக வந்தவைதான் நாலு ஃபாக் லாம்ப். குர்லா சிஎஸ்டி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பேரம் பேசி வாங்கியது. முன் பம்பரில் வரிசையாக நாலு. ஒவ்வொன்றும் 55 வாட்.

"எதுக்குடா நாலு?"

"அத்தான், 2005 ஜூலை 26ஐ மறந்துட்டீயளா? சாந்தாகுரூசுல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டிச்சு. அந்த மாதிரி மழையில கண்ணு தெரிய வேண்டாமா?"

மும்பையில் இந்தத் தேதிக்கு எதிர்வாதம் கிடையாது. குடை வாங்குவதிலிருந்து கல்யாணத்தைத் தள்ளிப் போடுவது வரை எல்லாவற்றுக்கும் அது செல்லுபடியாகும். அன்றைக்கு ரோட்டில் ஓடியது தண்ணீர், அதில் ஃபாக் லாம்ப் போட்டு என்ன செய்வாய், மீன் பிடிப்பாயா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரணம், வயரிங் செய்யப்போவது நான்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் முப்பது சொச்சம் வருஷம் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். வீட்டில் இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, காலிங்பெல் எல்லாம் என் கையால் ஒரு முறையாவது பிரிக்கப்பட்டவை. சில திரும்பவும் ஓடின. இந்த அனுபவத்தோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். ஃபியூஸ் பெட்டியில் வைப்பருக்குப் போகிற கம்பி ஒன்று கிடைத்தது. பரணில் பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து மிஞ்சிய ஸ்பீக்கர் வயர் இருந்தது. தோலை உரித்து, இரண்டையும் சேர்த்து, கட்டைவிரலால் நாலு முறுக்கு, மேலே கறுப்பு டேப். மச்சினன் டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்தான். "அத்தான், உங்க முறுக்கு பட்டறை முறுக்கை விட நல்லாருக்கு" என்றான். அந்தப் பாராட்டில் நான் விழுந்தேன்.

சுவிட்சைப் போட்டோம். காலனி பகலானது. மூன்றாவது மாடியில் ஒரு சேவல் கூவியிருக்கும், அங்கே சேவல் இல்லை. இரண்டு நிமிஷம் கழித்து எல்லாம் அணைந்தது, வைப்பரும் சேர்ந்து. நீல ஃபியூஸ், 15 ஆம்பியர், நடுவில் அறுந்து போயிருந்தது.

நான் செய்த அடுத்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. கடை மூடியிருந்தது. மச்சினன் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தான். அதிலிருக்கும் வெள்ளிக் காகிதத்தைக் கிழித்து, மடித்து, ஃபியூஸ் காலில் சுற்றி, திரும்பச் செருகினேன். எரிந்தது! என்னமாய் எரிந்தது! அன்றிலிருந்து ஃபியூஸ் போகவே இல்லை. ஒரு வாரம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூலை மாதம், சனிக்கிழமை ராத்திரி. செம்பூரில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் மச்சினன் வண்டியிலேயே தாணே திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஃபாக் லாம்ப் நாலும் எரிய, விசிறி சுற்ற, பிள்ளையார் ஜொலிக்க, பாட்டு முழங்க, தீன் ஹாத் நாக்கா தாண்டும்போது மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ ரோட்டோரம் வடை சுடறாங்க."

"பின்னாடி முறுக்கு இருக்குல்லா, அந்த வாசம்" என்றான் தம்பி.

முறுக்கு வாசம் கண்ணைக் கரிக்காது. நான் குனிந்து பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஊதுபத்தி மாதிரி மெல்லிய கோடாகப் புகை, நேராகப் பிள்ளையாரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. நிற்காமல். சாவியை அணைத்தான், லைட் போயிற்று, பாட்டு போயிற்று, ஹாரன் போகவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான், அப்போதும் அடித்தது. முன்னால் நின்ற பஸ்காரர் இறங்கி வந்து மராட்டியில் எங்கள் பரம்பரையை விசாரித்தார்.

பானட்டைத் திறந்தோம். பேட்டரியைக் கழட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஸ்பேனரை எடுத்துச் சிவப்புக் கம்பி பக்கம் கையைக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஓர் ஆட்டோக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"லால் நஹி காகா! காலா! பஹலே காலா!"

இழுத்த இழுப்பில் ஸ்பேனர் சாக்கடையில் விழுந்தது. அவரே தன் ஸ்பேனரைக் கொண்டுவந்து கறுப்புக் கம்பியைத் தளர்த்தி உருவினார். ஹாரன் நின்றது. அந்த அமைதியில் மனைவி பேசினாள். அவள் சரித்திர டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள்.

"1853 ஏப்ரல் 16ஆம் தேதி வெள்ளைக்காரன் போரிபந்தரிலிருந்து இதே தாணேக்கு 34 கிலோமீட்டர் ரயில் விட்டான். பதினாலு பெட்டி, நானூறு பேர். ஒரு புகையும் இல்லாம வந்து சேந்தாங்க."

"அது நீராவி எஞ்சின் அக்கா, புகை இருந்திருக்கும்" என்றான் தம்பி. அன்றைக்கு அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு தாராவி போனோம். அங்கே மச்சினனுக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி, ஊர் திருச்செந்தூர் பக்கம், நாற்பது வருஷமாக லாரிகளுக்கு வயரிங் செய்கிறவர். கடை என்று சொல்ல ஒரு ஸ்டூல், ஒரு டெஸ்ட் லாம்ப், சுவரில் கலர் கலராக வயர் சுருள். டேஷ்போர்டைத் திறந்து உள்ளே கையை விட்டார். ஆட்டுக் குடல் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி உருகிய வயர்க் கொத்து வெளியே வந்தது. அதன் நடுவில் என் முறுக்கு. டேப் மட்டும் இல்லை. மும்பைப் புழுக்கத்தில் பசை இளகி அது எப்போதோ நழுவிப் போயிருந்தது.

"இது யாரு போட்ட ஜாயிண்ட்டு?"

மச்சினன் வானத்தைப் பார்த்தான். நான் என்று சொன்னேன்.

"என்ன வேலை பாத்தீய?"

"கணக்கு."

"அப்பம் கணக்கு போடும்" என்று ஒரு சிகரெட் அட்டையை நீட்டினார். அதே பிராண்ட்.

போட்டேன். 55 வாட் நாலு, 220. பேட்டரி 12 வோல்ட். வகுத்தால் 18 ஆம்பியர் சொச்சம். விசிறி, ஆம்ப்ளிஃபையர், சார்ஜர், பிள்ளையார் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்பது, பத்து. ஆக 28. முப்பது வருஷம் அடுத்தவன் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்த எனக்கு இந்த ஒரு கூட்டல் தோன்றவில்லை. வரவு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட வைப்பர் கம்பி, செலவு 28.

"12 வோல்ட்டுதானே, ஷாக் அடிக்காதுன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"ஷாக் அடிச்சா நல்லதாச்சே வே, கையை எடுத்திருப்பீரு. இது அடிக்காது, எரிச்சிரும்."

அவர் சொல்லச் சொல்ல மீதிக் கணக்கையும் நானே போட்டேன். அரை ஸ்கொயர் எம்எம் ஸ்பீக்கர் வயர், நாலு மீட்டர் நீளம். அதில் 18 ஆம்பியரை ஓடவிட்டால் வயருக்குள்ளேயே 45 வாட் சூடு. அண்ணாச்சி கையிலிருந்த சால்டரிங் அயர்ன் 35 வாட். அதை விடப் பெரிய ஒன்றைச் சுவிட்ச் போட்டு டேஷ்போர்டுக்குள் படுக்க வைத்து, மேலே பிள்ளையாரையும் உட்கார வைத்து ஒரு வாரம் ஊர் சுற்றியிருக்கிறோம். வயரின் தோல் உருகி, பக்கத்தில் போன ஹாரன் கம்பியின் தோலும் உருகி, அது பாடியில் பட்டதும் ஹாரன் பட்டனை யாரோ அழுத்திக்கொண்டே இருப்பது போல ஆகிவிட்டது. ஹாரனுக்குச் சாவி தேவையில்லை, நேராக பேட்டரி. சாவியை உருவியும் அது அடித்த மர்மம் அதுதான்.

ஃபியூஸ் விஷயத்தில் அண்ணாச்சி கோபப்பட்டார். ஃபியூஸ் என்பது லைட்டைக் காப்பாற்ற என்று நினைத்திருந்தேன். இல்லையாம், கம்பியைக் காப்பாற்ற. கம்பி எவ்வளவு தாங்குமோ அதற்குக் கீழே ஃபியூஸ் இருக்க வேண்டும், பொருள் எவ்வளவு கேட்கிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே. அதையும் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் போட வேண்டும். தள்ளிப் போட்டால் நடுவில் உள்ள கம்பிக்குக் கேட்பார் இல்லை. வெள்ளிக் காகிதத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது கொஞ்சம்கூடக் கருகாமல் பளபளவென்று இருந்தது. ஊரெல்லாம் எரிந்தும் தான் மட்டும் நலமாக இருக்கிற சில பேரை ஆபீஸில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ரிலே. கறுப்பாக, தீப்பெட்டி அளவு. அடியில் நாலு கால்: 30, 85, 86, 87 என்று நம்பர். 30க்கு பேட்டரியிலிருந்து தடித்த கம்பி, 87லிருந்து லைட்டுக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கிற காயிலுக்கு. சுவிட்சிலிருந்து வருகிற மெல்லிசுக் கம்பி அதற்குப் போதும். காயில் கால் ஆம்பியர்கூடக் கேட்காது. அந்தச் சின்ன மின்சாரம் காந்தமாகி உள்ளே ஒரு தகட்டை இழுக்க, பெரிய மின்சாரம் சுவிட்ச் பக்கமே வராமல் நேராக லைட்டுக்குப் போய்விடும்.

எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் அடுக்களையிலிருந்து ஒரு புருவம் உயரும். ஹாலில் நான் எழுந்து பீரோவைத் தள்ளுவேன். புருவத்துக்குப் பீரோவின் கனம் தெரியவே தெரியாது. இத்தனை வருஷமாக நான் என்னவாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு பெயர் கிடைத்த திருப்தி.

அண்ணாச்சி இரண்டு லாம்ப்பைக் கழட்டி மச்சினன் மடியில் வைத்தார். பேச்சே இல்லை. மீதி இரண்டுக்கு 110 வாட், ஒன்பது சொச்சம் ஆம்பியர், இரண்டரை ஸ்கொயர் எம்எம் வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் நான் ஆணியால் போட்ட ஓட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, அதை அரத்தால் தேய்த்து ரப்பர் வளையம் மாட்டி அதற்குள் வயரை விட்டார். எர்த் கம்பிக்குச் சேசிஸில் ஓர் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, வெள்ளையாக இரும்பு தெரிந்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினார். வயர் முனைகளுக்குத் திம்பிள் வைத்து அழுத்தினார், மேலே சூடு காட்டினால் சுருங்கிக் கவ்வும் ஸ்லீவ். கையால் முறுக்கிய ஜாயிண்ட் ஒன்றுகூட இல்லை. வண்டி என்பது நாள் முழுக்க உதறிக்கொண்டே இருக்கிற சாமான், முறுக்கெல்லாம் பிரிந்துவிடும் என்றார். மச்சினனுக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது, தொழில் சம்பந்தப்பட்ட விஷயம்.

கடைசியில் பேட்டரியை மாட்டும்போது என்னை அருகில் கூப்பிட்டார். முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. கழட்டும்போது முதலில் கறுப்பு. கறுப்பு இருக்கும்போது சிவப்பில் ஸ்பேனர் வைத்து, அது பாடியில் எங்கேயாவது பட்டால் பேட்டரி முழுக்க அந்த ஸ்பேனர் வழியாக இறங்கிவிடும். "சம்பந்தி மாதிரி வே. கடைசில வரணும், முதல்ல கெளம்பணும்." பிறகு என் மோதிரத்தைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த ஆட்டோக்காரன் கையைப் பிடிக்கலன்னா இதையும் விரலையும் சேத்துல்ல கழட்டிருப்பாங்க." கல்யாண மோதிரம். மனைவியிடம் இந்த இடத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆவணியில் காலனிப் பிள்ளையார் வந்தார். விசர்ஜனுக்கு உப்வன் ஏரி வரை எங்கள் பிக்கப்பில்தான் போவது என்று மண்டலத்துக்காரர்கள் அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். செக்ரட்டரி வந்தார், கையில் வர்கணி, அதாவது நன்கொடை, ரசீது புத்தகம். வண்டியில் சீரியல் லைட், இரண்டு ஃபோகஸ், ஒரு சவுண்ட் பாக்ஸ், புகை விடும் மிஷின் ஒன்று, எல்லாம் பேட்டரியிலேயே ஓட்டிக்கலாம் இல்லையா காகா என்றார். புகைக்குத் தனி மிஷின் வேண்டாம் என்று மச்சினன் ஆரம்பித்தான், நான் முறைத்தேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, ஒவ்வொன்றாக வாட் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஒன்றுக்கும் தெரியவில்லை.

"எது வேணும்னாலும் வைங்க. ஆனா பதினஞ்சுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்று இந்தியில் கறாராகச் சொன்னேன்.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"போன வருஷம்கூட அவ்வளவுதானே காகா" என்றபடி 1501 என்று ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.