சக்கர வீட்டு எஜமானர்

அமெரிக்க தேசத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும், அதுநாள் வரையில் கணக்கெழுதும் உத்தியோகத்தையே பரம தர்மமாகக் கருதி வந்தவரும், காரைக் கொட்டகைக்குள் விடுவதையே ஒரு சாகசமாக எண்ணுபவருமான ஒரு சாதுக் குடும்பஸ்தர், 25 அடி நீளமும் ஏறக்குறைய 12 அடி உயரமும் உள்ள ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகை பேசி, மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அதற்குள் ஏற்றி, தாமே அதை ஓட்டிக்கொண்டு ராஜபாட்டையில் இறங்குகிறார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குக் கிழக்கே, ஜூன் மாதத்துச் சனிக்கிழமைகளில், இந்த ஜாதி மனிதர்களைக் கூட்டங்கூட்டமாகத் தரிசிக்கலாம். வாகனத்தை அங்கே 'ஆர்.வி.' என்பார்கள்; நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் கேரவன் வண்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: கேரவனில் நட்சத்திரம் உள்ளே படுத்திருப்பார், சாரதி வேறொருவர், இங்கேயோ நட்சத்திரமும், சாரதியும், சாக்கடை திறந்துவிடும் ஆளும் ஒருவரே.

இவ்வளவு பெரிய வாகனத்தை ஓட்டக் கலிபோர்னியாவில் விசேஷப் பரீட்சை ஏதும் கிடையாது; 40 அடி வரையில் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். சர்க்கார் தம்மீது வைத்திருக்கும் இந்த நம்பிக்கை நம் கனவானுடைய முகத்தில் ஒரு கம்பீரத்தை உண்டாக்கிவிடுகிறது. போதாக்குறைக்குப் பூர்வ சரித்திரம் வேறு படித்து வைத்திருக்கிறார். 1910-ல் பியர்ஸ்-ஆரோ கம்பெனியார் படுக்கையும் கைகழுவும் தொட்டியும் அமைத்த மோட்டார் ஒன்றை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது முதல், ஹென்றி ஃபோர்டும் எடிசனும் ஃபயர்ஸ்டோனும் கோடைதோறும் மோட்டாரேறிக் காடு மலைகளில் கூடாரமடித்ததும், 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்கே அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டதும் வரையில் மனைவிக்கு ஒன்று விடாமல் சொல்கிறார். அந்த மகான்கள் கூடவே சமையற்காரர்களையும் அழைத்துப் போனார்கள் என்ற விவரத்தை மட்டும் சொல்வதில்லை. 1960-ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு லாரியின் முதுகில் சிற்றறை கட்டி, அதற்கு டான் குவிக்ஸோட்டின் குதிரையினுடைய பெயரைச் சூட்டி, நாட்டைச் சுற்றி வந்தாரே, அவர்தாம் இவருடைய குலதெய்வம். ஸ்டைன்பெக்கோடு பெரும்பாலும் துணைக்கு இருந்தது ஒரு நாய். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதைப் பற்றி அது அபிப்பிராயம் சொன்னதாகத் தெரியவில்லை.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டு, சுமார் 500 மைல் கடந்து, அந்தி சாய்வதற்குள் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் தேநீர் அருந்துவது என்பது திட்டம். ஆனால் வாடகைக்கு விடுபவர்கள் வண்டியின் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அதன் அந்தரங்கங்களை உபதேசிக்கிறார்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் சாம்பல் தொட்டி என்று ஒன்று. கழிப்பறைக்கென்று கறுப்புத் தொட்டி என்று மற்றொன்று. காலி செய்கையில் கறுப்பை முதலில் திறந்து, பிறகு சாம்பலைத் திறக்க வேண்டும். அப்பொழுதுதான் குழாய் கழுவப்படும். வரிசை மாறினால் நேரும் விபரீதத்தை உபதேசகர் விவரிக்கும்போது நம் கனவான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மனைவி குறிப்பெடுக்கிறாள். தம் சொந்த வீட்டில் இருபது வருஷங்களாக வாழ்ந்தும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, விளக்கு எதனால் எரிகிறது என்ற விசாரத்தில் ஒருநாளும் இறங்காத மனிதர், எல்லாவற்றையும் துறந்து காட்டுக்குப் போகிறேனென்று புறப்பட்ட அன்றைக்குத்தான், சொம்புத் தண்ணீருக்கெல்லாம் கணக்குச் சொல்லவேண்டியவராகிறார். வானப்பிரஸ்தத்தை நாடிப் போனவருக்கு வழியில் கிருஹஸ்தாசிரமம் வாய்த்தது என்றே சொல்லவேண்டும்.

புறப்படும்போது மணி மூன்று. முதல் திருப்பத்திலேயே, தாழிட மறந்த அலமாரிகள் எல்லாம் ஏகோபித்துத் திறந்துகொள்ள, தட்டுகளும் வாணலியும் ஒரு பெரிய வெங்காயமும் மங்கள வாத்தியம் முழங்கிக்கொண்டு நடைவழியில் உருள்கின்றன. "வந்துவிட்டோமா?" என்று சின்னவன் கேட்கிறான். வண்டி அதுவரை வந்திருந்தது மூன்று தெரு.

காலனுக்கு அஞ்சாதவர்களும் பெட்ரோல் பங்க்குக்கு அஞ்சவேண்டியிருக்கிறது. ஒரு காலன் பெட்ரோல் 8 மைலுக்கும் 10 மைலுக்கும் இடையே தீர்ந்துபோகும் இந்த வாகனத்தின் தொட்டி சுமார் 55 காலன் கொள்ளும். மீட்டரின் எண்கள் ஓடும் வேகத்தைக் கண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறார். பிறகு, 4,000 அடிக்கு மேல் ஏறும் கஹோன் கணவாயில், வண்டியின் அகன்ற விலாவில் பாலைவனக் காற்று மோத, அவர் மணிக்கு 35 மைல் வேகத்தில் ஊர்ந்து செல்கையில், பின்னால் ஒரு மைல் நீளத்துக்கு வரிசையாகச் சேர்ந்துவிட்ட கார்களைக் கண்ணாடியில் பார்த்து, "நம்முடைய வண்டியைப் பார்த்து ஜனங்களுக்கு எத்தனை மரியாதை!" என்கிறார்.

125 மைலில் பொழுது சாய்கிறது; கிராண்ட் கேன்யன் நாளைக்கு. பார்ஸ்டோ என்ற ஊருக்கு அப்பால் காலிகோ என்ற பாழூரின் அருகே முகாம் கிடைக்கிறது. 1881-ல் வெள்ளிச் சுரங்கத்தால் பிறந்து, வெள்ளி விலை விழுந்ததும் ஜனங்கள் வீடுகளை விட்டுப் போய்விட்ட ஊர். 1951-ல் பெர்ரிப் பண்ணை முதலாளி வால்ட்டர் நாட் விலைக்கு வாங்கிப் புதுப்பித்து, 1966-ல் மாவட்டத்துக்குத் தானம் செய்தார். அந்த ஜனங்கள் வீட்டைப் போட்டுவிட்டுக் கைவீசி நடந்தார்கள். நம்மவரோ வீட்டைப் பின்புறமாக ஒரு குறுகிய இடத்துக்குள் செலுத்தவேண்டியிருக்கிறது.

பார்க்க வேண்டிய காட்சி இதுதான். முகாமில் முன்பே வந்து இறங்கியவர்கள் சூரியாஸ்தமனத்துக்கு எதிரே போட்டிருந்த மடக்கு நாற்காலிகளை ஓசைப்படாமல் இந்தப் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறார்கள். மனைவி வண்டிக்குப் பின்னால் நின்று, நிறுத்தச் சொல்லி இரு கைகளையும் உயர்த்துகிறாள். அவர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டடி பின்னேற, மரப்பலகை மேஜை ஒன்று தன் ஒரு காலை இழக்கிறது. ஐந்தாம் முறை இடம் கிடைக்கிறது. சாய்ந்து நின்றால் குளிர்பெட்டி வேலை செய்யாதென்பதால் சக்கரத்தடியில் பலகைகளைச் செருகிச் சமன்செய்து, மின்சாரக் கம்பியை மாட்டியானதும், ஏர்கண்டிஷனரையும் மைக்ரோவேவ் அடுப்பையும் ஏககாலத்தில் போட, 30 ஆம்பியருக்கு மேல் தாங்காத அந்த ஏழை மின்சாரம் மூர்ச்சையாகிவிடுகிறது. மனைவி குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்குகிறாள், வெளிச்சம் வருகிறது. "நான் சொல்லவில்லையா?" என்கிறார். அவர் சொல்லவில்லை.

இருட்டும் வேளையில் 36 அடி நீள வாகனம் ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டி வருபவர் எழுபதைக் கடந்த கிழவர். நம் கனவான் தாமே முன்வந்து, பின்பக்கம் நின்று, போக்குவரத்துப் போலீஸ்காரரும் பொறாமைப்படும்படி கைகளை வீசுகிறார். இடம், வலம், நில், வா. நடுவே கறுப்பை முதலில் திறக்கவேண்டும் என்ற நீதியையும் உரக்கச் சொல்லி வைக்கிறார். கிழவர் அவர் நின்ற திக்கைத் திரும்பியும் பாராமல், ஒரே மூச்சில் வண்டியை இடத்தில் பொருத்திவிட்டு விளக்கை அணைக்கிறார்.

"பார்த்தாயா?" என்று திரும்பி வந்து மனைவியிடம் சொல்கிறார் எஜமானர். "பின்னாலிருந்து சைகை காட்டுகிறவருக்கு விஷயம் தெரிந்திருந்தால், ஓட்டுகிறவருக்குச் சிரமமே இல்லை."