கட்டைவிரல் அண்ணன்

மிலானோ ஹாங்காங்கோ, தோல் சந்தை முடிந்து ஊர் திரும்பும் முந்தின ராத்திரி கட்டாயம் ஒரு விருந்து உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்து டேனரிக்காரர்கள் எல்லாரும் ஒரே மேசையில். பகலெல்லாம் ஒரே பையருக்காக முறைத்துக்கொண்டவர்கள், கடைசி நாள் மட்டும் சொந்தக்காரர்கள். நடுவில் கட்டைவிரல் அண்ணன்.

பிரியாணி வரும். பாசுமதியைப் பார்த்து, சீரகச்சம்பா இல்லையே என்று உச்சுக்கொட்டுவார். அதை விடுங்கள், ஆம்பூர்க்காரர் எல்லாரும் செய்வதுதான். இவர் சங்கதி வேறு. கண்ணில் படும் தோலை எல்லாம் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

உட்காருமுன் நாற்காலியை அமுக்குவார். ரெக்சின் என்றால் விளிம்பில்தான் உட்காருவார். அடுத்து என் பெல்ட். இடுப்பில் இருக்கும்போதே மடக்கி, சுருக்கம் பார்த்து, "லூஸு கிரெயின்பா, எவன் தலையில கட்டினான்?" என்பார். ஆட்டுத்தோலில் மயிர்க்கண்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும், மாட்டுத்தோலில் பரவலாக இருக்கும். அடையாறு சி.எல்.ஆர்.ஐ. தோல் ஆராய்ச்சி நிலையத்தில் படித்து வந்த பையன்கள் இதை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். அண்ணனுக்குக் கட்டைவிரல் போதும். சர்வர் தண்ணீர் ஊற்றக் குனிந்தால் இவர் அவன் ஷூவைப் பார்க்கக் குனிவார். இரண்டு தலையும் முட்டிக்கொண்டதை மிலானில் நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

அதே ராத்திரி, பக்கத்து மேசையில் ஒரு பாட்டியம்மா கைப்பையை வைத்திருந்தார். அண்ணன் கை நீண்டது. பாட்டி பையை வெடுக்கென்று மடிக்கு இழுத்துக்கொண்டார். திருடன் என்றே நினைத்திருப்பார். சர்வர் வந்து சமாதானம் சொன்ன பிறகு பை அண்ணன் கைக்கு வந்தது. மோந்து பார்த்தார். "குரோம் இல்லப்பா, பட்டையில ஊறின தோலு. நம்ம ஆவாரம்பட்டை இல்ல, வேற ஏதோ மரம்." டஸ்கனியில் வாங்கியது, அங்கே மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவது உண்டு என்று பாட்டி சொல்லச் சொல்ல, அண்ணன் தன் தாத்தா காலத்துத் தொட்டி, கடுக்காய், பாலாற்றுத் தண்ணீர் என்று தமிழிலேயே பதில் சொன்னார். சர்வர் மொழிபெயர்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டான். பாட்டி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கால் மணி நேரத்துக்காக அண்ணனின் எந்தத் தப்பையும் மன்னிக்கலாம்.

பில் வரும்வரைதான் அதுவும்.

பில் வந்ததும் நாங்கள் பர்ஸை எடுப்போம், அண்ணனும் எங்கள் பர்ஸையே எடுப்பார். "வெளிய தோலு, உள்ள ரெக்சினு. ஏமாத்திட்டான் பாரு!" தையலை எண்ணுவார், ஓரத்தை நகத்தால் கீறுவார், விளக்குக்கு நேரே பிடிப்பார். ஆராய்ச்சி முடிவதற்குள் பங்கு பிரித்துக் கட்டியாகிவிடும். அவர் பர்ஸ் என்ன தோல் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஊருக்கு வந்து கேட்டால், "யூரோ கணக்கை யூரோவிலதான் தீக்கணும். அடுத்த தடவை பாத்துக்கலாம்பா" என்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், மிலானில் லீனியாபெல்லே சந்தை நடக்கிறது. இவர் பங்கையும் சேர்த்து நாங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு டேனரி வைத்திருக்கிற மனுஷர்!

போன தடவை நான் பர்ஸே கொண்டுபோகவில்லை. கார்டை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பில் வந்தது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த ஷூவைக் கொஞ்சம் கழட்டுப்பா" என்றார்.